தூத்துக்குடியிலிருந்து லடாக்: பெட்டி கட்டும் முன் நாட்களைக் கூட்டுங்கள்

கேட்டது இது: "ஜூன் மாதம் தூத்துக்குடியிலிருந்து குடும்பத்தோடு லடாக் போகிறோம். அப்பாவுக்கு 64 வயது, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். அம்மாவுக்கு மூட்டுவலி மட்டும்தான். பையனுக்கு 7 வயது. டெல்லி வழியாக விமானம், ஐந்து இரவுப் பேக்கேஜ். முதல் நாள் லே ஊர் சுற்றல், இரண்டாம் நாள் கர்துங் லா வழியாக நுப்ரா, மூன்றாம் நாள் பாங்காங் ஏரிக்கரைக் கூடாரம், பிறகு லே. ஊட்டிக் குளிருக்கு மேல் நாங்கள் பார்த்ததில்லை. எவ்வளவு குளிரும், என்னென்ன துணி வாங்க வேண்டும்?"

துணியைப் பற்றி விவரமாகவே சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்தப் பயணத் திட்டத்தை மாற்றுங்கள். கோடையில் நம் பக்கத்துக் குடும்பங்களை லடாக்குக்கு அழைத்துப் போவது என் வேலை. குளிரால் திண்டாடியவர்களுக்குக் கடைத்தெருவில் ஒரு ஜாக்கெட் வாங்கிக் கொடுத்தால் முடிந்தது. உயரத்தால் திண்டாடியவர்களை நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். உங்கள் பேக்கேஜில் முதல் மூன்று நாட்களும் அந்த இரண்டாவது வகை ஆபத்தை நோக்கித்தான் போகின்றன.

ஊட்டியை வைத்து லடாக்கைக் கணக்குப் போட முடியாது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். தமிழ்நாட்டின் உச்சமான தொட்டபெட்டா 2,637. லே விமான நிலையத்தின் ஓடுதளமே 3,256 மீட்டரில் இருக்கிறது, ஊர் சுமார் 3,500 மீட்டரில். பாங்காங் ஏரி ஏறத்தாழ 4,250. கர்துங் லா கணவாய் 5,359. அதாவது, விமானத்திலிருந்து இறங்கிப் பெட்டிக்காகக் காத்து நிற்கும் இடமே தொட்டபெட்டா உச்சியைவிட 600 மீட்டர் உயரம். டெல்லியில் ஏறியவர் ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே நிற்கிறார். உடலுக்கு எந்த முன்னறிவிப்பும் கிடையாது.

மேலே போனால் ஆக்சிஜன் சதவீதம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அது எங்கும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். லேயில் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு, கர்துங் லாவில் பாதிக்குச் சற்று மேல். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அதே அளவு குறைந்துவிடும். உடல் முதலில் செய்வது மூச்சை வேகமாக்குவது. வேகமாக மூச்சுவிட்டால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தம் காரத்தன்மைப் பக்கம் சாயும். அதைக் கண்டதும் மூளை மூச்சை அடக்கப் பார்க்கும். இந்த இழுபறியைத் தீர்ப்பது சிறுநீரகம். அது பைகார்பனேட் என்ற காரப்பொருளைச் சிறுநீரோடு வெளியேற்றி ரத்தத்தைச் சமன் செய்த பிறகுதான் நுரையீரல் தடையில்லாமல் வேலை செய்யும். அதற்கு இரண்டு மூன்று நாட்கள் பிடிக்கும். காசு கொடுத்து இந்த நாட்களைச் சுருக்க முடியாது. விலை உயர்ந்த ஹோட்டலில் தங்கினாலும் அதே கணக்குத்தான்.

1962 சீனப் போரின்போது சமவெளியிலிருந்து படைவீரர்களை நேராக உயரத்துக்குக் கொண்டுபோய் இறக்கியபோது இந்தப் பாடத்தை இந்திய இராணுவம் கசப்பாகக் கற்றது. 3,350 முதல் 5,500 மீட்டர் வரையிலான உயரங்களில் நோயுற்ற 1,925 வீரர்களைப் பற்றி இந்தர் சிங்கும் உடன் பணியாற்றிய மருத்துவர்களும் 1969இல் வெளியிட்ட ஆய்வு மலை மருத்துவத்தில் இன்றும் பேசப்படுகிறது. இப்போது இராணுவத்தில் இதற்குக் கண்டிப்பான நடைமுறை உண்டு. சுமார் 2,700 முதல் 3,600 மீட்டர் வரை ஆறு நாட்கள் பழக வேண்டும். அடுத்த கட்டமான 4,500 மீட்டர் வரை நான்கு நாட்கள், அதற்கும் மேலே போக இன்னும் நான்கு நாட்கள். இருபது வயதில் தினமும் ஓடிப் பயிற்சி எடுக்கும் வீரருக்கே இந்தக் கணக்கு என்றால், உங்கள் அப்பாவை மூன்றாம் நாள் இரவு 4,250 மீட்டரில் படுக்க வைக்கும் திட்டத்தை என்னவென்று சொல்வது!

உடற்பயிற்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இன்றிலிருந்து தினமும் நடங்கள், மாடிப்படி ஏறுங்கள். மடாலயங்களின் படிக்கட்டுகளுக்கு அது உதவும், அம்மாவின் மூட்டுக்கும் நல்லது. ஆனால் உயர நோயிலிருந்து அது காக்காது. நான் பார்த்தவரை அதிகம் விழுபவர்கள் ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள். அவர்கள் இறங்கிய அன்றே லேயில் குன்றின் மேல் இருக்கும் சாந்தி ஸ்தூபியின் படிகளில் ஓடுவார்கள், இரவு தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

சரி, திட்டத்தை எப்படி மாற்றுவது? 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, ஓர் இரவு தூங்கும் இடத்துக்கும் அடுத்த இரவு தூங்கும் இடத்துக்கும் உயர வித்தியாசம் 500 மீட்டரைத் தாண்டக்கூடாது. இது மலை மருத்துவர்கள் சொல்லும் பொது விதி. பகலில் எங்கே போய் வருகிறோம் என்பதைவிட இரவு எங்கே தூங்குகிறோம் என்பதுதான் முக்கியம். கர்துங் லாவில் கால் மணி நேரம் நின்று படம் எடுத்துவிட்டு இறங்கினால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் பக்கம் இருக்கும் நுப்ராவின் திஸ்கித், ஹுந்தர் ஊர்கள் 3,100 மீட்டர் அளவில், லேயைவிடத் தாழ்வாகவே இருக்கின்றன. அதனால் நுப்ரா இரவு பிரச்சினை இல்லை. அங்கே எப்போது போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. வந்த மறுநாளே 5,359 மீட்டர் ஏறுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பாங்காங்தான் எனக்குப் பெரிய கவலை. உயர நோய் முற்றினால் முதல் மருந்து கீழே இறங்குவது. ஏரிக்கரையிலிருந்து லேக்கு வரும் வழக்கமான சாலையில் இறங்க வேண்டுமென்றால் முதலில் ஏற வேண்டும். நடுவில் சாங் லா கணவாய், சுமார் 5,360 மீட்டர். ஷியோக் ஆற்றோரமாக நுப்ரா பக்கம் இறங்கலாம், ஆனால் அங்கிருந்து லே வரவும் கர்துங் லாவைத் தாண்டியாக வேண்டும். இரவு இரண்டு மணிக்கு மூச்சுத்திணறும் ஒருவரை வைத்துக்கொண்டு அந்தக் கணவாயில் ஏறுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஏரி அவ்வளவு அழகு, போக வேண்டாம் என்று சொல்ல எனக்கே மனம் வராது. பயணத்தின் கடைசியில் வையுங்கள். கூடாரத்துக்குப் பதில் ஏரிக்கு முன்னால் சுமார் 4,000 மீட்டரில் இருக்கும் தாங்சே ஊரில் தங்குங்கள். மாலையும் காலையும் ஏரிக்குப் போய் வரலாம்.

உங்கள் குடும்பத்துக்கு நான் போடும் திட்டம் எட்டு இரவுகள். முதல் மூன்று இரவும் லே. வந்த நாள் அறையை விட்டு நகராதீர்கள். சாப்பாடு, ஓய்வு, மாலையில் தெருமுனை வரை மெதுவாக ஒரு நடை, அவ்வளவுதான். வந்தவர்கள் முதல் 48 மணி நேரமாவது ஓய்வெடுக்க வேண்டும் என்று அங்குள்ள நிர்வாகமே அறிவுறுத்துகிறது. இரண்டாம் நாள் கடைவீதி. சாந்தி ஸ்தூபிக்குப் போக ஆசை இருந்தால் படியை விட்டுவிட்டு, பின்பக்கச் சாலையில் காரில் போங்கள். மூன்றாம் நாள் சிந்து நதியோரமாக மேற்கே இறங்கி ஆல்ச்சி வரை போய் வரலாம். அது 3,100 மீட்டர்தான். அங்குள்ள மடாலயத்தின் சுவரோவியங்கள் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுப் பழமையானவை. எல்லோரும் பாங்காங்குக்கு ஓடும் அவசரத்தில் அதைத் தவறவிடுகிறார்கள், எனக்கு அதில் தீராத வருத்தம். நான்காம் நாள் நுப்ரா, அங்கே இரண்டு இரவு. ஆறாம் நாள் லே திரும்புங்கள். அப்பா தெம்பாக இருந்தால் ஏழாம் நாள் தாங்சே, எட்டாம் நாள் லே, மறுநாள் காலை விமானம். அவருக்கு முடியவில்லை என்றால் ஒருவர் அவரோடு லேயில் இருக்கட்டும், மற்றவர்கள் போய் வாருங்கள். இதை ஊரிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள். அங்கே போன பிறகு, "என்னால் உங்கள் பயணம் கெட வேண்டாம்" என்று அப்பா தலைவலியை மறைத்துக்கொண்டு வண்டியில் ஏறிவிடுவார். நம் வீட்டுப் பெரியவர்கள் அப்படித்தான்.

இன்னும் சில நாட்கள் கிடைக்குமானால் ஸ்ரீநகரிலிருந்து சாலை வழியாக ஏறுவது இதைவிட நல்லது. ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டர், கார்கில் சுமார் 2,676, பிறகு லே. சுமார் 420 கிலோமீட்டரை இரண்டு நாளாகப் பிரித்துக் கார்கிலில் ஓர் இரவு தங்கினால் உடல் படிப்படியாக ஏறும். மணாலி வழியாகப் போவதும் அப்படித்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சாலை 4,800, 5,300 மீட்டர் கணவாய்களைத் தாண்டுகிறது. நடுவில் பலரைத் தங்க வைக்கும் சர்ச்சு என்ற இடம் 4,290 மீட்டரில் இருக்கிறது. மணாலி சாலையைத் திரும்பும்போது வைத்துக்கொள்வதுதான் முறை.

இனி நோயின் அடையாளங்கள். லே போய் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் தலைவலி வரலாம். கூடவே பசியின்மை, குமட்டல், அசதி, தூக்கமின்மை. இது சாதாரண உயர நோய். ஓய்வெடுத்தால் ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலும் போய்விடும். பாரசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். அறிகுறி இருக்கும்வரை ஓர் அடிகூட மேலே போகக்கூடாது, இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இரவில் ஒன்று நடக்கும், அதற்குப் பயப்படாதீர்கள். பக்கத்தில் தூங்குபவரின் மூச்சு வேகமாகும், ஆழமாகும், மெல்ல மெல்லக் குறைந்து அடியோடு நின்றுவிடும். பத்து விநாடி சத்தமே இருக்காது. பிறகு பெரிய இழுப்போடு மறுபடி தொடங்கும். பழகாத உடல் உயரத்தில் தூங்கும்போது வரும் சாதாரண விஷயம்தான் அது. மூச்சுக்கும் மூளைக்கும் நடப்பதாக நான் முன்பு சொன்ன இழுபறியின் விளைவு.

பயப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று நுரையீரலில் நீர் கோப்பது. ஆக்சிஜன் குறையும்போது நுரையீரலின் ரத்தக்குழாய்கள் சுருங்கி அழுத்தம் கூடி நீர் கசியும். வழக்கமாக இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், படுத்தால் திணறுவது, முற்றினால் இளஞ்சிவப்பு நுரை. தலைவலி இல்லாமலும் இது வரும். அதனால் சளி, இருமல் என்று விட்டுவிடுகிறார்கள். மற்றொன்று மூளை வீக்கம். அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். அறைத் தரையில் ஓடுகள் சேரும் நேர்க்கோட்டில், ஒரு காலின் குதிகால் மறுகாலின் பெருவிரலைத் தொடும்படி பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, ஏறுக்குமாறாக நடந்துகொண்டாலோ விடியும்வரை காத்திருக்கக்கூடாது. இந்த இரண்டுக்கும் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே கீழே இறக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். லேயில் சோனம் நுர்பு நினைவு மருத்துவமனை இருக்கிறது. உயர நோயாளிகளைப் பார்த்துப் பழகிய இடம் அது. நீங்கள் தங்கும் இடத்திலிருந்து அங்கே எப்படிப் போவது என்று முதல் நாளே ஹோட்டல்காரரிடம் கேட்டு வையுங்கள்.

கடைகளில் விற்கும் சிறிய ஆக்சிஜன் டப்பாவை நம்பிப் போகாதீர்கள். அது சில நிமிடங்களுக்குத்தான் வரும். வண்டியில் முறையான சிலிண்டரும் முகமூடியும் இருக்க வேண்டும். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் எடுத்துப் போங்கள், ஆனால் அதையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஊரில் 97, 98 காட்டியது லேயில் முதல் நாள் 85 முதல் 90 வரை காட்டுவது வழக்கம்தான். விரல் சில்லிட்டிருந்தால் இன்னும் குறைத்துக் காட்டும், கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். எண் என்ன சொன்னாலும் ஆளைப் பாருங்கள். சாப்பிடுகிறாரா, சிரித்துப் பேசுகிறாரா, மூச்சு வாங்காமல் அறைக்குள் நடக்கிறாரா?

டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையைப் பற்றி அடுத்து கேட்பீர்கள். பைகார்பனேட்டை வெளியேற்றும் வேலையை அது விரைவுபடுத்துகிறது. பெரியவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு 125 மில்லிகிராம், காலையும் இரவும். ஏறுவதற்கு முந்தின நாள் தொடங்கி, போய்ச் சேர்ந்து இரண்டு நாள் வரை. நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. பையனுக்கு எடையைப் பொறுத்து அளவு மாறும். விரல் நுனி மதமதக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், சோடா சப்பென்று இருக்கும். இவை பயப்பட வேண்டியவை அல்ல. உடம்பு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்க்க, மருத்துவர் சொன்னால் ஊரிலேயே ஒரு நாள் போட்டுப் பாருங்கள். இந்த மாத்திரையை விழுங்கிவிட்டால் மறுநாளே மலை ஏறலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்பாவை இந்த வாரமே அவருடைய மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். உயரத்தில் முதல் சில நாட்கள் ரத்த அழுத்தம் கூடும். அவருடைய பிரஷர் மாத்திரைகளில் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை இருந்தால், அதையும் டயமாக்ஸையும் எப்படிச் சேர்ப்பது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சர்க்கரை மாத்திரைகளையும் அப்படியே கேளுங்கள். பசி குறையும் நாட்களில் வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சரிந்துவிடும். அந்த மயக்கத்தையும் உயர நோயையும் பிரித்துப் பார்ப்பது கடினம். சட்டைப்பையில் நாலு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும். குளுக்கோமீட்டர் குளிரில் தவறாகக் காட்டலாம், அதையும் பட்டைகளையும் ஜாக்கெட்டுக்கு உள்ளே வைத்திருங்கள். இதயத்தில் அடைப்பு இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் அதைத் தீர்த்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். மாத்திரைகளை இரண்டு பங்காகப் பிரித்து இரண்டு கைப்பைகளில் வையுங்கள், ஏற்றி அனுப்பும் பெட்டியில் போடவே வேண்டாம்.

பையன் "தலை வலிக்கிறது" என்று சொல்ல மாட்டான். சிணுங்குவான், சாப்பிட மாட்டான், விளையாட மாட்டான், வண்டியில் சுருண்டு படுத்துக்கொள்வான். அதுதான் அவனுடைய தலைவலி. பாதி பேர் அதை வண்டி ஓட்டத்தால் வரும் வாந்தி என்று நினைத்துவிடுகிறார்கள். வண்டி நின்று ஒரு மணி நேரமாகியும் தெளியவில்லை என்றால் உயரம்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி நீங்கள் கேட்ட துணிகள். ஜூனில் லேயில் பகல் 20 டிகிரிக்கு மேல் போகும், வெயிலில் சட்டையே போதும். சூரியன் மலைக்குப் பின்னால் போன கால் மணி நேரத்தில் ஜாக்கெட் தேடுவீர்கள். இரவு பத்துக்குக் கீழே இறங்கும். தாங்சே, பாங்காங் பக்கம் இரவு பூஜ்யத்தை நெருங்கலாம், காற்று வேறு அடிக்கும். எனவே ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டர் வாங்குவது பணத்துக்கும் கேடு, பயனும் இல்லை. மூன்று அடுக்காக யோசியுங்கள். உடம்பை ஒட்டி ஒரு தெர்மல், மேலே கம்பளி அல்லது ஃப்ளீஸ், அதற்கு மேலே காற்றும் தூறலும் புகாத மெல்லிய ஜாக்கெட். வெயில் ஏறினால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாமல் உடம்பில் ஒட்டி ஊதல் எடுக்கும். பருத்திதான் நமக்குச் சுகம் என்ற ஊர்ப்பழக்கத்தை அங்கே மறந்துவிட வேண்டும்.

தலைக்குக் காதை மூடும் கம்பளிக் குல்லா, கழுத்துக்கு மஃப்ளர், கையுறை, கம்பளிக் காலுறை மூன்று ஜோடி. அம்மா சேலைதான் கட்டுவார் என்றால் உள்ளே தெர்மல் பேண்ட், காலுறை, ஷூ போட்டுக்கொள்ளட்டும். சேலைக்கு ஷூ நன்றாக இருக்காது என்பார், வற்புறுத்துங்கள். ஷூதான் இதில் முக்கியமான செலவு. தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து, விரல்கள் அசைய இடம் இருக்கும் அளவில் வாங்குங்கள். ஆண்டு முழுவதும் செருப்பில் பழகிய கால் நமக்கு. கிளம்ப மூன்று வாரத்துக்கு முன்னாலிருந்தே தினமும் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால்தான் குதிகாலில் கொப்புளம் வராது. பெரிய ஜாக்கெட்டுகளை இங்கே ஆயிரக்கணக்கில் வாங்க வேண்டாம், லே கடைத்தெருவில் வாங்கலாம். டெல்லியில் ஜூனில் 40 டிகிரி வெயில் இருக்கும், அங்கே எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வேகாதீர்கள். ஆளுக்கு ஒரு ஜாக்கெட்டும் குல்லாவும் கைப்பையில் இருக்கட்டும்.

குளிரைவிட வெயிலும் வறட்சியும்தான் நம்மவர்களை அதிகம் வாட்டும். உயரம் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. பனி அதைத் திருப்பி முகத்தில் அடிக்கும். "நாங்கள் தூத்துக்குடி வெயிலையே பார்த்தவர்கள்" என்பது அங்கே செல்லாது. கறுத்த தோலும் கருகி உரியும். சன்ஸ்கிரீனை மூக்கு, காது, பிடரி, உதடு வரை தடவுங்கள். கறுப்புக் கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுப்பதாக இருக்க வேண்டும், பையனுக்கும் கட்டாயம். கண்ணாடி இல்லாமல் பனியில் விளையாடிய குழந்தைக்கு இரவில் மணல் விழுந்ததுபோல் கண் உறுத்தித் தூக்கம் போய்விடும்.

லேயில் ஆண்டு மழையே சுமார் 100 மில்லிமீட்டர்தான். தூத்துக்குடியின் ஈரக்காற்றில் வளர்ந்த மூக்கு அந்த வறட்சியில் உள்ளே வெடித்து ரத்தம் கசியும். இரவு படுக்கும்முன் மூக்குக்குள் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் புட்டியைக் கொண்டுபோகாதீர்கள். முதல் இரவே கட்டியாகிக் குறுகிய வாயில் ஒரு சொட்டும் வராது. அகன்ற வாய் டப்பாவில் கொண்டுபோனால் விரலால் எடுத்துக்கொள்ளலாம். ஷாம்பு, களிம்புப் புட்டிகளை விளிம்பு வரை நிரப்பாதீர்கள், அழுத்தம் மாறி ஒழுகும். மூச்சோடே நிறைய ஈரம் வெளியேறும் என்பதால் தாகம் எடுக்காவிட்டாலும் அவ்வப்போது தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் வெளிறிய நிறத்தில் இருந்தால் போதும், அதற்கு மேல் குடம் குடமாகக் குடித்தால் உயர நோய் வராது என்பது பொய். மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டவே வேண்டாம், இரண்டும் இரவில் மூச்சை அடக்கும்.

சாப்பாட்டில் அரிசி, உருளைக்கிழங்கு, ரொட்டி என்று மாவுச்சத்தாகச் சாப்பிடுவது அங்கே நல்லது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. அப்பாவுக்கு மட்டும் அளவு பார்த்துக்கொள்ளுங்கள். லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் திறந்த பாத்திரத்தில் சோறு சரியாக வேகாது, எல்லாரும் குக்கரில்தான் சமைப்பார்கள். பருப்பும் சோறும் எங்கும் கிடைக்கும். பசி செத்த நாளில் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் இருந்தால் பெரியவர்கள் நாலு வாய் கூடுதலாகச் சாப்பிடுவார்கள். துக்பா என்று காய்கறியும் மாவு இழைகளும் போட்ட சூடான கஞ்சி போன்ற ஒன்று தருவார்கள். பையனுக்குப் பிடிக்கும், வயிற்றுக்கும் இதம்.

தினமும் தலைக்குக் குளிக்கும் பழக்கத்தை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். வெந்நீர் பல விடுதிகளில் காலையும் மாலையும் குறிப்பிட்ட நேரம்தான் வரும். தண்ணீரே அங்கே அரிது, பனி உருகி வருவதை வைத்துத்தான் ஊர் பிழைக்கிறது. சாலையோரக் கழிப்பறைகள் மிகக் குறைவு, இருப்பவை பெரும்பாலும் மண்ணைத் தள்ளி மூடும் வகை. அம்மாவின் மூட்டுவலிக்கு அது கடினம் என்பதால் எந்த ஊரில் மேற்கத்தியக் கழிப்பறை கிடைக்கும் என்று ஓட்டுநரிடம் காலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பிற மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. ஒரு போஸ்ட்பெய்டு எண்ணாவது இருக்கட்டும். நுப்ரா, பாங்காங் பகுதிகளுக்கு அனுமதிச் சீட்டு தேவையா என்று ஏஜென்டிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆதார் அட்டை நகல்களையும், லேயை விட்டுக் கிளம்பும்முன் ரொக்கமும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இரவில் குளிர் தாங்காமல் அறைக்குள் கரி அடுப்போ கேஸ் ஹீட்டரோ வைத்துக் கதவு, ஜன்னலை அடைத்துக்கொண்டு தூங்காதீர்கள். கொடைக்கானலில்கூட அப்படி இறந்தவர்கள் உண்டு. அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு மணமே இல்லை, தூக்கத்திலேயே முடிந்துவிடும். நம் ஊரில் ஒத்தடம் கொடுக்கப் பயன்படும் ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்றைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டால் விடியும்வரை கால் சூடாக இருக்கும்.

இப்போது ஏஜென்டைக் கூப்பிடுங்கள். இரவுகளை எட்டாக்க முடியுமா, முதல் மூன்றும் லேயில் கிடைக்குமா, ஏரிக்கரைக் கூடாரத்தை தாங்சே அறையாக மாற்றுவார்களா, வண்டியில் நிரப்பிய சிலிண்டர் இருக்குமா, யாருக்காவது முடியாமல் போனால் அன்றைய பயணத்தை நிறுத்த ஓட்டுநருக்கு அதிகாரம் உண்டா என்று கேளுங்கள். லே விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான் பறக்கும், வானிலை கெட்டால் ரத்தாகும். எனவே டெல்லியிலிருந்து ஊர் திரும்பும் டிக்கெட்டை மறுநாளைக்குப் போடுங்கள். பயணக் காப்பீடு எடுத்தால் அதில் உயர வரம்பு ஏதாவது போட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். எட்டு இரவுக்குப் பணமோ விடுப்போ இல்லை என்றால் ஐந்து இரவிலேயே போகலாம். அப்போது பாங்காங்கை எடுத்துவிட்டு, லே மூன்று இரவு, நுப்ரா ஓர் இரவு, மறுபடி லே ஓர் இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.